தறிக்குழிக்குள் கான்வாஸ் ஷூ

இதை எழுத நான் சரியான ஆள் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஒரு லீவு லெட்டர் எழுதினால்கூட மகளிடம் காட்டிப் பிழை பார்த்துக்கொள்வேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் கூச்சம். ஆனால் இப்போது எங்கள் நெசவு யூனிட்டில் வெளிநாட்டு ஆர்டர்தான் அதிகம். புதிதாகச் சேர்கிற பிள்ளைகள், "பையர் வந்தா என்னண்ணா பேசணும்?" என்று என்னைக் கேட்கிறார்கள். நேரில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. மேடம் வந்த நாள்

எங்கள் யூனிட் ஐயம்பேட்டைப் பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே இருக்கிறது. முன்பக்கம் தறிக்கொட்டகை. மொத்தம் எட்டுத் தறி, எட்டும் குழித்தறிகள். நெய்கிறவர் தரையோடு உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். பின்பக்கம் சாயப்பட்டறை. நான் செக்கிங் பார்க்கிறேன். தறியிலிருந்து இறங்கிய துணியைப் பார்த்து, பிசிறு வெட்டி, மடித்து வைப்பது என் வேலை. யாராவது வராத நாளில் அவர்கள் வேலையும் என் தலையில் விழும்.

அப்போது சேலை விற்பனை மந்தம். டென்மார்க்கில் ஒரு கம்பெனி தோளில் போடுகிற பட்டு ஸ்டோல் வாங்குவதாகச் சொல்லியிருந்தது. அதை நம்பித்தான் எட்டுத் தறியிலும் பாவு நூல் ஏற்றியிருந்தோம். ஒரே நிபந்தனை, ஆடிட் பாஸாக வேண்டும். வேலை நடக்கிற இடம் சரியாக இருக்கிறதா என்று அவர்கள் ஆள் வந்து பார்ப்பார்கள்.

வந்தவர் ஹன்னா என்ற மேடம். நல்ல உயரம், சிரித்த முகம். கொட்டகை வாசலில் எங்கள் செருப்புகள் குவிந்து கிடந்ததைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே தன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு சாக்ஸோடு உள்ளே வந்தார். தறிக்காரர்களுக்கு அதுவே பிடித்துப் போயிற்று. "நம்மூரு பொண்ணு மாரி இருக்குதுபா" என்றார் ஏகாம்பரம் அண்ணன். அவர்தான் எங்களில் மூத்த நெசவாளர். ஸ்டோலின் சாம்பிள் அவர் தறியில்தான் ஓடியது. மேடம் அங்கே நின்று வெகுநேரம் பார்த்தார்.

பிறகு பின்பக்கம் போனார். சாயப்பட்டறைத் தரை எப்போதும் ஈரம். சாக்ஸ் நனையும் என்று நிலைப்படியிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வாசலுக்கு வந்ததும் செருப்புக் குவியலைக் காட்டி முதலாளியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது மூன்று வார்த்தைதான். ஃபுட்வேர், மஸ்ட், தேர்ஸ்டே. அதாவது வியாழக்கிழமை திரும்ப வருவேன், அதற்குள் காலணி கட்டாயம்.

"எஸ் மேடம், எஸ் மேடம்" என்றார் முதலாளி.

அன்றைக்குப் பார்த்து முதலாளியின் மகன் கார்த்திக் ஊரில் இல்லை. ஏனாத்தூரில் இன்ஜினியரிங் படித்த பிள்ளை. இங்கிலீஷ் நன்றாகப் பேசும். அது இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

2. எட்டு ஜோடி

கார் போனதும் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். "தறியில வெறுங்காலோட உக்காரக் கூடாதாம். சேஃப்டியாம். வியாழக்கிழமை எல்லாரும் ஷூ போட்டிருக்கணும்."

தறி இருக்கிற இடத்துக்குள் செருப்புக் காலோடு நாங்கள் போனதே இல்லை. சாமி படத்துக்கு முன்னால் எப்படியோ, அப்படித்தான்.

ராத்திரி கார்த்திக் வந்ததும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு மெயில் போட்டுக் கேட்டுடலாமேப்பா" என்றதாம். மறுநாள் என் முன்னாலேயே மறுபடி கேட்டது.

"ஒருவாட்டி சொன்னதைத் திருப்பிக் கேட்டா என்னடா நெனைப்பாங்க? இவனுங்களுக்கு ஒண்ணும் புரியலன்னு ஆர்டரை வேற எடத்துக்குக் குடுத்துடுவாங்க" என்றார் முதலாளி. பேச்சு அதோடு முடிந்தது.

ஷூ வாங்கி வரும் வேலை எனக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் போடுகிற வெள்ளை கான்வாஸ் ஷூதான் எல்லா அளவிலும் கிடைத்தது. புதன்கிழமை சாயங்காலம் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன்.

"என்னாபா, நாளைக்கு பி.டி. பீரியடா?" என்றது ஒரு குரல்.

காமாட்சி அக்கா ஒரு ஷூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இஸ்கூல் போற வயசுல எங்கப்பன் ஒரு ஷூ வாங்கித் தரல. இப்ப மருமக வந்த அப்புறம் வருது பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் அண்ணன் மட்டும் தன் ஷூ பெட்டியைத் தொடவே இல்லை.

"மிதிகட்டை எங்க இருக்குதுன்னு காலுக்குத்தான் தெரியும். இதை மாட்டிக்கினு எப்படி மிதிக்கிறது? அதுகூடப் பரவால்ல, தட்டுத் தடுமாறி மிதிச்சிடுவேன். தறியில செருப்புக் காலோட உக்கார மாட்டேன்."

முதலாளி நயமாகத்தான் ஆரம்பித்தார். "ஒரு நாள் கூத்து, ஏகாம்பரம். எனக்காகப் போட்டுக்கயேன்."

"மத்தவங்க போட்டுக்கட்டும். நான் வேணாம்னு சொல்லல. நான் மாட்டேன்."

"அப்ப நாளைக்கு வராத. அந்தத் தறிக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பஸ் ஸ்டாப் வரை கூடவே போனேன். அவர் வயசில் இன்னொரு முதலாளி தறி கொடுப்பது கஷ்டம். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஒரு நாள்தானேண்ணா" என்று சொல்ல நினைத்து, சொல்லாமலே பஸ் ஏற்றிவிட்டேன். முதலாளியையும் குறை சொல்ல முடியவில்லை. ஆர்டர் போனால் எட்டுத் தறியும் நிற்கும்.

3. வியாழக்கிழமை

காலையில் நான் வரும்போது ஏகாம்பரம் அண்ணன் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை. வீட்டிலும் இருக்க முடியவில்லை போலிருக்கிறது.

கொட்டகையைப் பார்க்கவே விநோதமாக இருந்தது. ஏழு தறியிலும் குழிக்குள் வெள்ளை வெள்ளையாக ஷூ. சத்தமே மாறிப்போயிற்று. தறி ஓடும்போது ஒரு தாளம் இருக்கும், அது இல்லை. ஒருவர் இரண்டு மிதிகட்டையைச் சேர்த்து மிதித்துவிட்டு அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். இன்னொருவர் குனிந்து குழிக்குள் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார்.

மேடம் அன்றைக்கும் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்தார். காலியாக இருந்த ஏகாம்பரம் அண்ணன் தறியைக் காட்டி, அவர் எங்கே என்று கேட்டார்.

"ஃபீவர் மேடம்" என்றார் முதலாளி.

அந்த நேரம் காமாட்சி அக்கா "ஐயோ" என்றார். ஷூ லேஸ் அவிழ்ந்து மிதிகட்டைக் கயிற்றில் சுற்றிக்கொண்டது. காலை இழுக்க, கட்டை மேலே வந்து, பாவில் ஒரு கொத்து இழை பட்டென்று அறுந்தது. நான் ஓடிப்போய் லேஸை வெட்டிவிட்டேன். அடி ஒன்றும் இல்லை. அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியால் இல்லை, இழை போனதால்.

மேடம் முகம் சிவந்துபோயிற்று. கார்த்திக்கிடம் வேகமாக ஏதோ கேட்டார். "இவங்களுக்கு எதுக்கு இந்த ஷூன்னு கேக்கறாங்கப்பா" என்றது பிள்ளை.

"அவங்க சொன்னதுதானேடா? ஆஸ் பர் யுவர் ஆர்டர் மேடம்."

இல்லை என்று மேடம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். முதலாளி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு மறுபடி "எஸ் மேடம்" என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவை மீறி நடுவில் பேசக் கூடாதென்று கார்த்திக் அப்பா முகத்தையே பார்த்தது. நான் வெட்டின லேஸைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்படி வாய் திறந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

"மேடம். ஷூ. ஃபார் ஹூ?" என்றேன். என் காலைக் காட்டினேன். தறியைக் காட்டினேன். "ஹியர்? ஹூ?"

அவர் என்னைப் பார்த்தார். 'வா' என்பது போலக் கையை அசைத்துவிட்டுப் பின்பக்கம் நடந்தார். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போனோம். இந்தத் தடவை சாக்ஸ் நனைந்தாலும் பரவாயில்லை என்று ஈரத்திலேயே இறங்கினார். சாயத் தொட்டி பக்கத்தில் சாமுவேல் கொதிக்கிற தண்ணீரிலிருந்து பட்டு நூல் கற்றையைக் கோலால் தூக்கிக்கொண்டிருந்தார். எங்கள் சாயக்காரர். வெறுங்கால். காலெல்லாம் கத்திரிப்பூ நிறம், நடுவில் சுடுதண்ணீர் தெறித்த பழைய தழும்புகள்.

"ஹிம். ஒன்லி ஹிம்" என்றார் மேடம்.

சாமுவேல் கோலைக் கீழே வைத்தார். "இன்னா சார், நான் இன்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலபா. உனக்குத்தான் பூட்ஸு வேணுமாம். நாங்க ஊரெல்லாம் மாட்டிக்கினு இருக்கோம்" என்றார் காமாட்சி அக்கா. யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. முதலாளியும் சிரித்துவிட்டார்.

கார்த்திக் பொறுமையாகப் பேசி விஷயத்தைச் சொன்னது. தறிக்கு வெறுங்கால்தான் வேண்டும் என்பது மேடத்துக்கு முதல் நாளே தெரியுமாம், வேறு ஊர்களிலும் பார்த்திருக்கிறாராம். அன்றைக்குச் சாயப்பட்டறையைப் பார்த்துவிட்டு நேரே வாசலுக்கு வந்ததால், எதைச் சொல்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாராம். இத்தனை செருப்பு இங்கே கிடக்கிறதே, சாயக்காரருக்கு மட்டும் ஏன் இல்லை என்றுதான் குவியலைக் காட்டினாராம்.

"நீங்க எஸ் எஸ்னு சொன்னதால, புரிஞ்சுடுச்சுன்னு நெனச்சாங்களாம்பா. புரியலன்னா கேப்பீங்கன்னு இருந்தாங்களாம்."

"வந்தவங்களப் போய் இன்னா சொன்ன, இன்னா சொன்னன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் முதலாளி. கார்த்திக் அதையும் மொழிபெயர்த்தது. மேடம், எத்தனை தடவை வேண்டுமானாலும் கேளுங்கள், எனக்குக் கோபம் வராது என்று சொல்லி முதலாளி கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முதலாளியே ரோட்டுக்குப் போய் டீக்கடையைப் பார்த்துக் கையைத் தட்டினார். ஏகாம்பரம் அண்ணன் டீ கிளாஸோடு எழுந்து வந்தார். "நோ ஃபீவர், மேடம்" என்றார் முதலாளி. அண்ணன் காலைக் கழுவிக்கொண்டு தறியில் இறங்கினார். மற்ற ஏழு பேரும் ஷூவைக் கழற்றி வெளியே வீசினார்கள். கொஞ்ச நேரத்தில் பழைய சத்தம் வந்துவிட்டது. போகும்போது மேடம் கார்த்திக்கிடம், சாயக்காரருக்குப் பூட்ஸ் வாங்கி போட்டோ அனுப்பினால் போதும், ஆடிட் பாஸ் என்றார்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நாம் மரியாதைக்கு எஸ் என்கிறோம், அவர்கள் புரிந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். எஸ் சொல்வதற்கு முன்னால் யாருக்கு, எங்கே என்று ஒரு தடவை கேளுங்கள். உடைந்த இங்கிலீஷ் போதும். கேட்க எனக்கு வந்த வேர்வை உங்களுக்கும் வரும், கேட்டு முடித்ததும் நின்றுவிடும்.

மறுநாள் உரக்கடையில் ரப்பர் பூட்ஸ் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. சாமுவேலுக்குக் கொஞ்சம் பெரிசு. உள்ளே துணி வைத்துக்கொண்டு சாயம் போட ஆரம்பித்தார். கார்த்திக் போட்டோ எடுத்து அனுப்பியது.