எல்லாருக்கும் என் ஈமெயில்

கல்முனையில், இன்டர்நெட்டில் விண்ணப்பம் நிரப்பி அனுப்பித் தரும் கொமினிகேஷன் கடை நடத்துகிறவளுக்குக் கையை விட வாய்தான் அதிகம் வலிக்கும். பாஸ்வேர்ட் என்பது வீட்டுச் சாவி மாதிரி, என்னிடம்கூடச் சொல்லாதீங்க என்பேன். உடனே வருகிறவர்கள் கடை முழுக்கக் கேட்க உரத்துச் சொல்வார்கள். டவுன்லோட் என்றால் அங்கிருந்து இறக்குவது, அப்லோட் என்றால் இங்கிருந்து ஏற்றுவது. அடுத்த நாளே வந்து, "நேத்து ஏத்தினத இறக்கிடுங்க" என்பார்கள். போதும் போதும் என்றாகிவிடும்.

ஈமெயில் மட்டும் யாருக்கும் வேண்டாம். "அது எனக்கென்னத்துக்கு, உங்கடயப் போடுங்க." எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். ஆளுக்கொன்று திறந்து கொடுத்து, அவர்கள் மறந்து, மறுபடி திறந்து எனக்கும் அலுத்துவிட்டது. எல்லா விண்ணப்பத்திலும் என்னுடையதையே போட்டேன்.

பெரியநீலாவணையிலிருந்து ஓர் அக்கா வந்தார். கணவர் கடலுக்குப் போகிறவர். ஆஸ்பத்திரியில் சிற்றூழியர் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

"வயசு இந்த முறையோட முடியுது தங்கச்சி. இத விட்டா எனக்கு வேற இல்ல."

அவருக்கும் என் ஈமெயில்தான். கடிதம் வந்தால் ஃபோனில் கோல் எடுக்கிறேன் என்றேன்.

கிழமைக்கொரு தடவை வருவார். "வந்திச்சா தங்கச்சி?" இன்பொக்ஸைத் திறந்தால் விளம்பரமும் யார் யாருடையதோ பில்லும்தான் இருக்கும். "இன்னும் இல்லக்கா." ஆட்கள் நெரிந்த ஒரு நாள், திறக்காமலே அப்படிச் சொன்னேன். நினைத்தால் இப்போதும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

பிறகு ஒரு நாள் வேறொருவரின் கடிதத்தைத் தேடி ஸ்பாமைத் திறந்தேன். அக்காவின் பெயருக்கு நேர்முகப் பரீட்சை அழைப்பு கிடந்தது. நாள் கடந்து ஒன்பது நாள். யா அல்லாஹ்!

கோலில் சொல்லத் துணிவு வரவில்லை. அடுத்த கிழமை அவரே வந்தார். ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டி, கடந்துபோன திகதியையும் சொன்னேன். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருக்கலாம். அவர் ஸ்கிரீனில் இருந்த தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க கிடந்திச்சி?"

"ஸ்பாமுக்குள்ள."

"அப்பிடியெண்டா?"

"தேவல்லாததெண்டு கொம்பியூட்டர் தானா ஒதுக்கி வைக்கிறதுக்கா."

"அதத் திறந்து பாக்க ஏலாதா தங்கச்சி?"

"ஏலும்," என்றேன். "நான்தான் பாக்கல்ல."