மூன்று மாநிலத்துக் கல்

ஏழு வயதில் எனக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. இன்றுவரை கிடைத்தது அது ஒன்றுதான். சுவிஸில் ஆர்காவ், பேர்ண், லுட்சேர்ன் ஆகிய மூன்று மாநிலங்களும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஓர் எல்லைக்கல் உண்டு. அதற்கு நானே காவல் அதிகாரி. சம்பளம் முறுக்கு.

அந்தக் கல்லடிக்கு நாங்கள் போனதே அப்பாவின் பயத்தால்தான். நாங்கள் ஆர்காவின் ஆரா நகரில், சித்தப்பா பேர்ணில். அப்பாவின் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வந்திருக்கவில்லை. வேறு மாநிலத்துக்கு வீடு மாறக்கூடாது என்ற விதியை, கால் வைக்கவே கூடாது என்று அவர் விளங்கிக்கொண்டிருந்தார். சித்தப்பாவுக்கு மகள் பிறந்தும் பார்க்கப் போகவில்லை. "அண்ணை என்ர வீட்டுப் படி மிதிக்காமல் நானும் வரமாட்டன்" என்று சித்தப்பா முறுக்கிக்கொண்டார். பிள்ளை தவழவும் தொடங்கிவிட்டாள். கடைசியில் அம்மாவும் சித்தியும் போனில் கதைத்துக் கதைத்து இந்தக் கல்லைக் கண்டுபிடித்தார்கள்.

ஆர்காவில் எங்கள் பாய், பேர்ணில் அவர்கள் பாய். சொந்தக்காரர் எவருமில்லாத லுட்சேர்னில் கோழிக்கறிச் சட்டி.

"பிள்ளையை இஞ்சால தாவன்" என்றார் அப்பா.

"ஓரடி வச்சு வந்து தூக்குங்கோவன். வீடு மாறத்தானே ஏலாது!"

"நீ சொல்லுவாய். பிடிச்சு அனுப்பினால் நீயோ வருவாய்?"

இவர்கள் வாதாட, பிள்ளை கறிச்சட்டியைக் கடந்து, மாடுகளுக்குக் கட்டிய மின்கம்பியை நோக்கித் தவழ்ந்தாள். "ஹால்ட், நில்!" என்று கத்தினேன். அவள் என் உத்தியோகத்தை மதிக்கவில்லை. அப்பா பாய்ந்து போய் அவளை வாரித் தூக்கினார். நின்ற இடம் லுட்சேர்ன்.

அந்த நேரம் பார்த்து நாயோடு ஒரு கிழவர் வந்தார். அப்பா விறைத்துப்போனார். கிழவர் "க்ரூட்சி" என்று வணக்கம் சொல்லி, சட்டியை ஆசையோடு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான்.

அப்பா திரும்பியபோது நான் கல்லில் ஏறிக் கையை நீட்டி மறித்தேன்.

"ஐயா, உள்ளுக்கு விடுவியளோ?" என்றார்.

அகதி விண்ணப்பம் பற்றிக் கடிதம் வரும்போதெல்லாம் அவர் அம்மாவுக்கு வாசித்துக் காட்டும் வசனம் என் நாக்கு நுனியில் இருந்தது. "உங்கள் விடயம் பரிசீலனையில் உள்ளது. பொறுமையாக இருக்கவும்" என்றேன்.

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அப்பா சிரித்தார். பிள்ளையோடு அந்தப் புல்லிலேயே அமர்ந்து, "சரி ஐயா, பொறுத்துப் பழகின ஆள்தானே" என்றார். சித்தப்பாவிடம், "வாற ஞாயிறு பேர்ணுக்கு வாறன். கறிக்கு உறைப்புக் காணாது, கூடப் போடச் சொல்லு" என்றார். சித்தப்பா எழுந்துபோய் அண்ணனை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கும்படி ஒரு பகிடி விட்டிருக்கிறேன். அதில் பகிடி எது என்பதுதான் தெரியவில்லை. ஆகவே முறுக்கைக் கடித்தபடி அதையே இன்னொரு தரம், இன்னும் உரக்கச் சொன்னேன்.