டிஷ் கம்பத்துக்குப் பக்கத்தில் ஊற்றிய தண்ணீர்

1. ரிவியூ நாள்

கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் லேப் அட்டெண்டர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. வானியற்பியல் பாடத்தில் மாணவர்கள் ஆளுக்கொரு ஆய்வைத் தாங்களாகவே செய்ய வேண்டும். விளாத்திகுளத்துப் பெண் செல்வி, மைதானத்தில் ஓர் இரும்புக் கம்பத்தில் பழைய டிவி டிஷ்ஷை மாட்டினாள். சூரியன் அதற்கு நேரே கடக்கும் நேரத்தை இரண்டு மாதமாகத் தினமும் நடுப்பகலில் குறித்து வந்தாள்.

ரிவியூ அன்று நான் டீ கொண்டு போனபோது துறைத்தலைவர் அவளுடைய கிராஃபைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, சூரியன் உனக்காகத் தினமும் லேட்டா வருதா?"

"வந்த ரீடிங்கைத்தான் சார் எழுதியிருக்கேன்."

"கணக்குப்படி வர வேண்டிய நேரத்துக்கு, நாளுக்கு நாள் கூடி, இப்ப ஆறு நிமிஷம் தள்ளி நிக்குது. ஒண்ணு, நீ ஒழுங்கா எடுக்கல. இல்ல, வீட்ல உக்காந்து நீயா எழுதுதே. நாளைக்குக் காரணம் சொல்லு. இல்லன்னா அடுத்த வருஷம் வந்து செய்."

வெளியே வந்து அவள் அழுதாள். "அடுத்த வருஷம்னா எங்க வீட்ல அனுப்ப மாட்டாவ அண்ணாச்சி. கல்யாணத்த முடிச்சிருவாவ."

2. தூக்குக்குண்டு

செல்வியோடு நானும் மைதானத்துக்குப் போனேன். வயர், மீட்டர், கடிகாரம் எல்லாவற்றையும் பார்த்தாள். எதிலும் பழுது இல்லை. எனக்கோ கம்பம் மேற்கே சாய்ந்தது போலத் தெரிந்தது. பக்கத்தில் சுவர் கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் தூக்குக்குண்டை வாங்கி வந்து பிடித்தேன். நூல் ஒரு பக்கம் தொங்கியது, கம்பம் ஒரு பக்கம் நின்றது. டிஷ் மேற்கே சாயச் சாய, சூரியன் அதற்கு நேரே வர நேரம் தள்ளிக்கொண்டே போகும் என்றாள்.

கிழக்கே, கம்பத்தை ஒட்டி, நான் வைத்த புங்கங்கன்று. தினமும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவேன். மைதானம் முழுவதும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, அந்த இடம் மட்டும் உப்பியிருந்தது. கரிசல் மண் தண்ணீர் குடித்தால் பொங்கும். அதுதான் கம்பத்தை மேற்கே தள்ளியிருக்கிறது.

"வெயில்ல நிக்கியேன்னு நான்தான் தாயி வச்சேன்."

அவள் திட்டவில்லை. "நடுவுல ஊத்தாம இருந்தியளா?"

"புதூர்ல அக்கா வீட்டு விசேஷத்துக்கு ஒரு வாரம் லீவுல போனேன்."

கிராஃபை விரித்தாள். ஏறிக்கொண்டே வந்த கோடு ஓரிடத்தில் படுத்துக் கிடந்தது. பிறகு மறுபடி ஏறியது. அவள் தேதியைப் படித்தாள். நான் புதூரில் இருந்த அதே வாரம். சூரியனைப் பற்றிய தாளில் என் லீவு இருந்தது.

3. துறைத்தலைவர் அறை

"நானே சொல்லிக்கிடுதேன், நீங்க வராண்டாம். உங்க வேலைக்கு ஆகாது" என்றாள் செல்வி. அந்த அறையில் "சரி சார்" தவிர வேறெதுவும் நான் பேசியதில்லை. ஆனாலும் போனேன்.

"சார், தண்ணி ஊத்துனது நான்."

"யாரைக் கேட்டுல ஊத்துனே?"

"கேக்கல சார்."

வருகைப் பதிவேட்டை வரவழைத்துக் கிராஃபோடு வைத்துப் பார்த்தார். "இவன் லீவுத் தேதியையும் சேத்து எழுதும்மா. புராஜெக்டை ஏத்துக்கிடுதேன்" என்றார். எனக்கு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன்.

இப்போதும் என்னை உறுத்துவது வேறொன்று. கம்பம் நட்ட அன்று குழி தோண்டியவன் நான். இரண்டு அடி போதும் என்றார்கள். இந்த மண்ணில் அது நிற்காது என்று அப்போதே எனக்குத் தெரியும். படித்தவர்களுக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டேன்.

புதிதாக வேலைக்குச் சேரும் தம்பிகளே, உங்களுக்குத் தெரிந்ததை மண்வெட்டி எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். எனக்கு இன்றும் நடுங்குகிறது.