கல் எடுத்த பிறகு வரும் வலி

எனக்குக் கணையத்தில் கல். இரைப்பைக்குப் பின்னால் இருக்கிற உறுப்பு அது. சாப்பிட்டால் முதுகு வரைக்கும் வலிக்கும். குனிந்தால் கொஞ்சம் அடங்கும். கல்வராயன் மலை அடிவாரத்தில் மக்காச்சோளக் கொல்லையில் களை எடுப்பவள் நான். நாளெல்லாம் குனிந்துதான் இருப்பேன். அதனால் பல வருஷம் என் வலி யாருக்கும் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் பார்த்து வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். அன்றைக்கே கணையம் வீங்கி, பிழைப்பேனா என்று ஆகிவிட்டது. பிழைத்தேன். கல் மறுபடி சேர்ந்தது. மறுபடி குழாய்.

இந்தத் தடவை டாக்டரம்மா முதலிலேயே சொன்னார்.

"குழாய் விட்டா சிலருக்கு வீங்கும். பொம்பளைங்களுக்கு ஜாஸ்தி. வயசு கம்மின்னாலும் ஜாஸ்தி. முன்னாடி ஒருதரம் வீங்கியிருந்தா இன்னும் ஜாஸ்தி. உங்களுக்கு எல்லாமே இருக்குது. வலி வந்தா உடனே சொல்லணும்."

"அப்போ எனக்கு வுடுங்கம்மா அந்தக் குழாய. ஆம்பள, வயசும் ஆயிடுச்சி" என்றார் என் வீட்டுக்காரர். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

வீக்கம் வராமலிருக்க ஒரு மாத்திரை. வாயில் போடுவதில்லை, ஆசனவாயில் வைப்பது. நர்ஸ் திரும்பிப் படுக்கச் சொன்னாள்.

"வவுத்துக்கு வைத்தியம் பாக்கச் சொன்னா இன்னாம்மா அங்க வெக்கிற?"

"அங்க வெச்சாத்தான் நல்லா வேல செய்யும்க்கா. படு."

படுத்தேன்.

கல்லை எடுத்துவிட்டார்கள். மதியம் வரை ஒன்றுமில்லை. சாயங்காலம் முதுகில் பிடித்தது. பழைய வலியா, புது வலியா, தெரியவில்லை. நர்ஸ் கேட்டபோது இல்லை என்று தலையாட்டினேன். சொன்னால் வீட்டுக்கு விடமாட்டார்கள் என்ற நினைப்பு. எழுந்து உட்கார்ந்து குனிந்துகொண்டேன்.

வீட்டுக்காரர் பார்த்தார்.

"இன்னாடி, கட்டில்ல களை எடுக்கிற?"

நான் இன்னும் குனிந்தேன்.

"போன தடவ பட்டது பத்தாதா? நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

நானே நர்ஸைக் கூப்பிட்டேன். "வலிக்குதும்மா. நீ கேட்டப்பவே வலிச்சிது."

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். வாய்க்கு ஒன்றும் தராமல் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றினார்கள். போன தடவை மாதிரி முற்றவில்லை. சில நாளில் வலி இறங்கியது. கஞ்சி தந்தார்கள்.

வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "த்தூ, மாடுகூட குடிக்காது."

நான் கிண்ணத்தைக் காலி செய்தேன். வலி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.