உதடு பார்த்துப் பாடம் நடத்தியவர்

ராதாமணி மேடத்துக்குக் காது கேட்காது என்பது எங்கள் கல்லூரியில் பதினாறு வருடமாக ஒருவருக்கும் தெரியாது. தெரிய வைத்தவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாராவது எழுதினால் என் பெயரை விட்டுவிடுவார்கள், அதனால் நானே எழுதுகிறேன்.

மேடம் எங்களுக்கு, அதாவது பி.காம் இரண்டாமாண்டுக்கு, வணிகப் புள்ளியியல் எடுத்தார். ஐம்பது வயது. ஒல்லியான ஆள், கஞ்சி போட்ட சேலை, கையில் சொந்தமாக ஒரு சாக்பீஸ் பெட்டி. நிரந்தர வேலை கிடையாது. ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல்வர் கடிதம் கொடுத்தால்தான் அந்த வருடம் வகுப்பு உண்டு.

அவருக்குச் சில கிறுக்குகள் இருப்பதாக நாங்கள் நினைத்திருந்தோம். போர்டில் எழுதும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எழுதி முடித்துத் திரும்பியதும் கையைத் தூக்கிவிட்டுத்தான் பேச வேண்டும். "என்னையப் பார்த்துப் பேசுலே, செவத்துக்கிட்ட பேசாத" என்பார். வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட மாட்டார், முகத்தைப் பார்த்தே குறித்துக்கொள்வார். இதனால் அவர் வகுப்பில் மட்டும் யாரும் யாருக்காகவும் 'உள்ளேன்' சொல்ல முடியாமல் போனது. அது எனக்குப் பெரிய நஷ்டம். என் பக்கத்து இருக்கைக்காரன் செண்பகராஜ் கடா மீசை வளர்த்தபோது, "வாய மூடுத மீசை எதுக்குலே? கத்தரிச்சுட்டு வா" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். கொரோனா முடிந்து எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்த காலத்தில், கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னாராம். ஆய்வுக்கு வந்த குழுவுக்குக் கொடுத்த அறிக்கையில் கல்லூரி அதைப் புதுமையான கற்பித்தல் முறை என்று எழுதிப் பாராட்டு வாங்கியிருக்கிறது.

போன டிசம்பரில் பழைய விளையாட்டுச் சாமான் அறையை வெள்ளையடித்து 'ஆசிரியர் மேம்பாட்டு மையம்' என்று பலகை மாட்டினார்கள். அதை நடத்த மதுரையிலிருந்து சத்யபிரியா மேடம் வந்தார். சின்ன வயசு. வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கேமராவை வைத்துப் பாடத்தைப் படம் பிடிப்பார். பிறகு அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டி, எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்று பேசுவார். "இது யாரையும் மாட்டிவிடுறதுக்கு இல்லங்க, உதவிக்குத்தான்" என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னாராம். அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். ஆனால் ஜூன் கடிதம் கொடுப்பதற்கு முன்னால் முதல்வரும் அந்தப் படங்களைப் பார்ப்பார் என்பது மற்ற எல்லோருக்கும் தெரியும்.

ராதாமணி மேடம் தன் முறையை மூன்று தடவை தள்ளிப்போட்டார். ஒரு தடவை காய்ச்சல். ஒரு தடவை பாடம் முடியவில்லை. மூன்றாவது தடவை காரணமே சொல்லவில்லை. பிப்ரவரியில் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்.

அன்று காலை கேன்டீனில் செண்பகராஜ்தான் ஆரம்பித்தான்.

"ஏலே சுடலை, இன்னைக்குக் கேமரா வருதாம்ல. ஒண்ணு செய்வமா? எந்திச்சு நின்னு வாய மட்டும் அசை. சத்தம் விடாத. மேடம் காதைக் குடைஞ்சுக்கிட்டு நிப்பாவ. அப்படியே ரிக்கார்டு ஆயிரும்."

"நீயே செய்யேம்ல."

"என் மீசையைத்தான் எடுத்துட்டாவளே, எனக்கு ஏது தைரியம்? நடிக்க ஏத்த மூஞ்சி ஒனக்குத்தாம்ல."

புகழ்ச்சிக்கு மயங்குகிற ஆள் நான்.

அன்றைய பாடம் சராசரி. மாவட்டத்து மழைக் கணக்கை போர்டில் எழுதி, இந்த வருடம் சராசரி மழை பெய்துவிட்டது என்று காட்டிவிட்டுத் திரும்பினார். கையைத் தூக்கி எழுந்தேன். பொய்யாக வாயசைப்பதானாலும் ஏதாவது சொல்லித்தானே அசைக்க வேண்டும்? எனக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். அய்யா போட்ட கொத்தமல்லி அந்த வருடம் முழங்கால் உயரத்திலேயே கருகிப்போயிருந்தது. வாயில் வந்தது அதுதான். 'சராசரி மழை பெஞ்சிருச்சுன்னா எங்க மல்லி ஏன் மேடம் கருகுச்சு?' துளிச் சத்தம் வெளியே வரவில்லை.

மேடம் காதைக் குடையவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல கேள்விலே, சுடலை. எல்லாரும் கவனிங்க. ஒரு ஊர்ல மழை வாரத்துக்கு ஒரு தடவ பெய்யுது. இன்னொரு ஊர்ல மொத்தத்தையும் ரெண்டே நாள்ல கொட்டிட்டுப் போயிருது. கூட்டி வகுத்தா ரெண்டுக்கும் சராசரி ஒண்ணுதான். கரிசல் அந்த ரெண்டு நாள் குடிச்சுட்டு, பெறவு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். மல்லிக்கு சராசரி தெரியாதுலே. அதுக்கு அன்னன்னைக்குத் தண்ணி வேணும். சராசரியில இருந்து ஒவ்வொரு நாளும் எம்புட்டு வெலகி நிக்குன்னு பார்க்கணும். அதுக்குப் பேருதான் திட்ட விலக்கம்."

போர்டு நிறைய எழுதினார். நான் கல்லூரியில் இருந்த காலத்தில் எனக்குப் புரிந்த ஒரே கணக்கு அது. ஆனால் வகுப்பில் யாரும் போர்டைப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சில் சத்யபிரியா மேடம் பேனாவை நிறுத்திவிட்டு, கேள்வி எங்கிருந்து வந்தது என்று தலையை நீட்டித் தேடினார்.

செண்பகராஜ் அடிக்குரலில் முனகினான். "ஏலே... அவியளுக்குக் காது கேக்காதுலே."

எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. ஆனால் மேடம் அந்த நேரம் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலர்ந்த முகம் அப்படியே நின்றது. பிறகு, "சரி, பக்கம் எழுவத்திரெண்டு" என்றார். குரல் மாறவில்லை. சேலை பட்டு சாக்பீஸ் பெட்டி மேசையிலிருந்து விழுந்து, அத்தனையும் உடைந்து சிதறியது. நாங்கள் எல்லோரும் அங்கே பார்த்தோம். அவர் பார்க்கவில்லை.

மறுநாள் மையத்தில் நடந்ததைச் சத்யபிரியா மேடமே பிறகு என்னிடம் சொன்னார். படத்தைப் போட்டிருக்கிறார். "பதில் பிரமாதம் மேடம். கேள்விதான் ரெக்கார்டு ஆகல, மைக் கோளாறு போல" என்று சொல்லி, சத்தத்தை முழுசாகக் கூட்டி மூன்று தடவை ஓட்டியிருக்கிறார். ஃபேன் இரைச்சல்தான் வந்தது. முதல்வரும் வந்து பின்னால் நின்றிருக்கிறார். "ராதாமணி மேடம்" என்று கூப்பிட்டிருக்கிறார். இரண்டாவது தடவை கூப்பிட்டிருக்கிறார். மூன்றாவது தடவை சத்தமாகவே. மேடம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

"அப்பதான்ப்பா எனக்குப் புரிஞ்சுது. அதுக்குள்ள முதல்வருக்கும் புரிஞ்சுபோச்சு" என்றார் சத்யபிரியா மேடம். கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.

மன்னிப்புக் கேட்க நான் மூன்று நாள் கழித்துப் போனேன். கல்லூரிக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் மேடம் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்காரப் போனேன். "எதுத்தாப்புல நில்லு. பக்கத்துல உக்காந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். இனி மறைக்க ஒன்றுமில்லை.

பதினாறு வயதில் நூற்பாலைக்குப் போனவர். பதினோரு வருடம் நூல் நூற்கும் இயந்திரங்களுக்கு நடுவே நின்றிருக்கிறார். அங்கே கத்தினாலும் காதில் விழாது. அதனால் பெண்கள் எல்லோரும் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்களாம். நாற்பது அடி தள்ளி நிற்பவள் நேற்று வைத்த குழம்பு வரை தெரிந்துவிடும். இரவு ஷிப்டும் பகலில் தபால் வழிப் படிப்புமாக எம்.காம் முடித்து வெளியே வந்தபோது, காதில் பாதி ஆலையிலேயே போயிருந்தது. மீதி இங்கே வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"என்னைய ஒருத்தர் பொண்ணு பார்க்க வந்தாவ. மாப்பிள்ளையும் அவிய அக்காவும் வாசல்ல நின்னு குசுகுசுன்னு பேசுதாவ. 'கருப்பா இருந்தா என்ன, படிச்சிருக்காளே'ங்காரு அவரு. நான் உள்ள இருந்தே 'ரொம்ப தேங்க்ஸ்'னுட்டேன். ஓடியே போயிட்டாவ." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மன்னிச்சிருங்க மேடம்."

"நீ கேட்டது நல்ல கேள்விலே. சத்தமாக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா?"

"இன்னும் ஒரு அஞ்சாறு வருசம் ஓட்டியிருப்பேன்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

சத்யபிரியா மேடம் விடவில்லை. பேசுவது எழுத்தாகத் திரையில் வருகிற வசதி இருக்கிறது, அதை வகுப்பில் வைத்தால் போதும், இந்தக் கல்லூரியில் இவரைப்போல் பாடம் சொல்ல ஆளில்லை என்று நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். ஜூனில் ராதாமணி மேடத்துக்குக் கடிதம் வந்தது. வகுப்பு கிடையாது. மையத்தின் உள்ளறையில் உட்கார்ந்து பாடங்களைப் படமாக எடுத்துக் கொடுக்க வேண்டும். "உங்க நல்லதுக்குத்தாம்மா. பிள்ளைக தொந்தரவு இருக்காது" என்றாராம் முதல்வர்.

முதல் நாள் மேடத்தால் இரண்டு நிமிடம்கூடப் பேச முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். அடுத்த நாள் என் வகுப்பை விட்டுவிட்டுப் போய் கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். என் மூஞ்சியைப் பார்த்துப் பாடம் வந்தது. புரியாதபோது நெற்றியைச் சுருக்கினேன், திரும்பச் சொன்னார். மூன்று நாள் அப்படி ஓடியது. நாலாம் நாள் படம் எடுக்கிறவர், "மேடம், உங்க பார்வை ஒரு பக்கமாப் போகுது. நேரா லென்ஸைப் பாருங்க" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

மேடம் அன்று மதியம் வரைதான் இருந்தார். சத்யபிரியா மேடத்திடம், "இதுக்குப் புரிஞ்சுச்சா, புரியலையான்னு எப்படிம்மா கண்டுபிடிக்க?" என்று லென்ஸைக் காட்டிக் கேட்டாராம். பிறகு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சேரைத் தூக்கி என் எதிரே போட்டு உட்கார்ந்து, "படிக்கியாலே?" என்று மட்டும் கேட்டார். "படிக்கேன்" என்றேன். நான் அதற்கு முந்தின வாரமே கல்லூரியை விட்டு நின்றிருந்தேன். பொய் சொல்லும்போது உதட்டில் தெரியுமோ என்னவோ, மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். அந்தப் படங்கள் கல்லூரியின் இணையப் பக்கத்தில் இன்னும் கிடக்கின்றன. கடைசிப் படத்தில், நான் வெளியே போன பிறகு எடுத்தது, பதினோராவது நிமிடத்தில் மேடம் லென்ஸைப் பார்த்து, "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்கிறார். அப்புறம் பேசவில்லை. முகத்தைக் கொஞ்சம் முன்னே நீட்டி, கண்ணைச் சுருக்கி, காத்திருக்கிறார். நாற்பது விநாடி. அதை வெட்டி எடுக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.