வேண்டுதல் என்று நான் சொன்ன மொட்டை

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. குடும்பத்தார் போடும் நினைவு மலருக்காக அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி சித்தப்பா கேட்டார். அக்காவைப் பற்றி நல்லது எழுத யோசிக்கவே வேண்டாம். என்னைப் பற்றி எழுதத்தான் ஒரு வாரமாகக் கை வரவில்லை.

நகரி பக்கத்துக் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். நல்ல குரல். பஜனைக்கு வந்த சாமியார் ஒருவரின் பேச்சில் மனம் கரைந்து, பத்தொன்பது வயதில் திருப்பதிக்கு அருகே அவருடைய ஆசிரமத்தில் சேவைக்குச் சேர்ந்தார். எங்கள் அப்பா, நைனாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அங்கே அக்கா பாடவில்லை, பாத்திரம் தேய்த்தார். பதில் பேசினால் கரண்டியால் அடி விழும் என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். ஏழாம் ஆண்டில், வீட்டுக்குப் போகிறேன் என்று வாசலைத் தாண்டிய அன்று, நாலு பேர் பிடித்து உட்காரவைத்துத் தலையை மழித்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தப்பித்து, புத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். நம் பக்கத்தில் மொட்டைத் தலையைப் பார்த்தால் யாரும் என்ன ஆச்சு என்று கேட்பதில்லை, திருப்பதி லட்டு எங்கே என்றுதான் கேட்பார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அதைத்தான் கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "வேண்டுதல், பெரிம்மா. மலைக்குப் போய்ட்டு நேரா வருது."

அடுத்த வாரம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அதன்பின் பலமனேரில் தக்காளி மண்டியில் வேலை பார்த்துக்கொண்டு, ஒற்றை அறையில் தனியாகவே இருந்தார். நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு அவருக்குப் பத்திரிகை தபாலில் போகும், நேரில் போய் யாரும் அழைத்ததில்லை. ஆசிரமத்தில் இன்னும் இருந்த பெண்களுக்காக, அங்கே நடந்தது தப்பு என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளவைக்க வேண்டும் என்று சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு மனு மேல் மனுவாகக் கொண்டு போனார். கடைசியில் ஓர் அதிகாரி விசாரிக்க நம் ஊருக்கே வந்தார். ஊர் கண்ணால் கண்டது அந்த மொட்டையை மட்டும்தான். அது வேண்டுதல், தங்கச்சியே சொன்னாள் என்று எல்லோரும் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். அதிகாரி என் புகுந்த வீட்டுக்கும் வந்தார். கணவர் பக்கத்தில் நின்றார். ஆமாம், வேண்டுதல்தான் என்றேன். மனு தள்ளுபடியானது.

அக்கா சண்டை போடவில்லை. போனில் சொன்னது இவ்வளவுதான்: "முடி எப்பவோ வளந்துடுச்சுடி. நீ சொன்ன பேச்சுதான் அப்பிடியே நின்னுக்கினு கீது." பிறகு அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. நானும் கூப்பிடவில்லை.

போன வருஷம் காய்ச்சலில் படுத்தவருக்குக் கஞ்சி கொடுத்தவர், அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்கார அம்மாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்கள் மண்டித் தோழிகள். அவர்களுக்கும், மனு எழுதிக் கொடுத்த வக்கீல் அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு நினைவு தப்பியிருந்தது. தப்பு என்மேல்தான் என்று காதருகே சொன்னேன். கேட்டிருக்காது.

வக்கீல் அம்மா மனுவை மறுபடி எடுக்கிறார். ஆசிரமத்திலிருந்து வெளியே வந்த இரண்டு பெண்கள் சாட்சி சொல்கிறார்கள், மூன்றாவது நான். விசாரிக்க உங்களிடமும் வருவார்கள். அன்று என் பேச்சை நம்பிய சொந்தங்களே, இந்த ஒரு தடவையும் நம்புங்கள். எங்கள் அக்கா மலைக்குப் போகவே இல்லை.