நினைவு தங்காத சிப்

ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு சின்னத் திருத்தகம் வைத்திருக்கிறேன். றேடியோ கொண்டுவருபவர்களும் போன் கொண்டுவருபவர்களும் என்னுடைய கதையைக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும். வால்வு வைத்த றேடியோ சூடேறிப் பாட எவ்வளவு நேரம் எடுத்தது, ஜேர்மேனியம் என்ற மூலகத்தில் செய்த முதல் டிரான்சிஸ்டர்கள் சூட்டை ஏன் தாங்கவில்லை, மண்ணில் இருந்து எடுத்த சிலிக்கன் எப்படி அந்த இடத்துக்கு வந்தது, ஒரே சிலிக்கன் துண்டில் முழுச் சுற்றையும் செய்துவிடலாம் என்று சிலர் துணிந்ததில் சிப் எப்படிப் பிறந்தது என்று சொல்லிக்கொண்டே போவேன். படகுக்கு நேரமாகிறது என்று அவர்கள் நெளிந்தாலும் விடமாட்டேன்.

அந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் நினைவக சிப். முந்தியவற்றில் ஒரு வகை, மின்சாரம் நின்றவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதற்காகப் பக்கத்தில் ஒரு குட்டிப் பற்றரியை ஒட்டிவைப்பார்கள். கருவியை நிறுத்தினாலும் அந்தப் பற்றரி சிப்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். பிறகு வந்த சிப்புகளுக்கு அந்தக் கவலை இல்லை, மின்சாரம் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் நினைவு வைத்திருக்கும். இதை நான் நூறு பேருக்காவது விளக்கியிருப்பேன். இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்த வேலையைச் செய்தேன்.

கடல்தொழில் செய்யும் ஒருவர், என்னிலும் பத்து வயது இளையவர், கையில் அடங்கும் ஒரு ஜி.பி.எஸ் கருவியைக் கொண்டுவந்தார். வெளிநாட்டில் இருக்கும் மச்சான் பாவித்துவிட்டுக் கொடுத்தது. கடலுக்கடியில் மீன் அடையும் கற்திட்டுகளான பார்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பதினைந்து வருடமாக அதில்தான் குறித்துவைத்திருந்தார். திரை அடிக்கடி மங்குகிறது என்றார்.

"திருத்துங்கோ அண்ணை. ஆனால் உள்ளுக்கு நான் குறிச்சு வைச்சிருக்கிற பொயின்றுகளை மட்டும் பாராதேங்கோ."

அதில் கோபிக்க ஒன்றும் இல்லை. இங்கே ஒருவர் தன் பாரைக் கூடப்பிறந்தவனுக்கும் காட்டமாட்டார். கடதாசியில் எழுதினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அவர் ஓரிடத்திலும் எழுதிவைக்கவில்லை. நான் கௌரவமாகத் திரையைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் திறந்தேன். உள்ளே குட்டிப் பற்றரி ஒன்று பொருமிக் கிடந்தது. கழற்றுவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு, "எழுதி எடுத்துக்கொண்டு போம், நான் பார்க்கமாட்டன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளிநாட்டுச் சாமான்தானே, புதுவகை சிப்பாகத்தான் இருக்கும், பற்றரி மணிக்கூட்டுக்கு மட்டும்தான் என்று எனக்கு ஒரு மண்டைக்கனம். கழற்றிப் புதியதை ஒட்டினேன். திரை பளிச்சென்று வந்தது. பொயின்றுகள் இருக்கவேண்டிய பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

பின்னேரம் அவர் வந்தபோது, நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"தண்ணி போயிருக்கு தம்பி. சிப் பழுதாப்போச்சு. திரையை மட்டும்தான் எடுக்க முடிஞ்சது."

அவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெளிறியது.

"என்ர மனிசிதான். கடலால வந்த சாமான் எல்லாத்தையும் உப்புப் போகக் கழுவுறவள். நான் எத்தனைதரம் சொன்னனான்."

நான் மறுக்கவில்லை. காசும் வாங்கவில்லை, அதையும் என் பெருந்தன்மை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இரண்டு கிழமை கழித்து அவருடைய மனைவி வந்தார். கடைக்குள் ஏறாமல் வாசலிலேயே நின்றார்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. நான் கழுவினதாலயோ அது போனது? குடிக்க அள்ளி வைச்ச நல்ல தண்ணியிலதான் கழுவினனான். எங்கட கிணத்துத் தண்ணி உவர் எண்டு அதைத் தொடவும் இல்லை. அவர் இப்ப என்னோட கதைக்கிறேல்லை. கடலுக்குப் போய் வெறும் வள்ளத்தோட வாறார்."

குற்றவாளிக்குத்தான் விளக்கம் நீளும். அன்றும் நான் வால்வில் தொடங்கினேன். டிரான்சிஸ்டர், சிலிக்கன், மறக்கும் சிப், மறக்காத சிப் என்று சுற்றி வளைத்துக் கடைசியில்தான் பற்றரியைக் கழற்றிய என் கையைக் காட்டினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப தண்ணியால இல்லை."

"இல்லை தங்கச்சி. என்னாலதான். நான் அவரிட்டச் சொல்லுறன்."

அவர் ரோட்டை ஒருக்கால் எட்டிப் பார்த்தார்.

"சொல்லாதேங்கோ. என்னை ஏசிப்போட்டு ஒருநாளைக்கு மறப்பார். உங்களோட பகைச்சா எஞ்சின் வயருக்கும் லைற்றுக்கும் ஆரிட்டப் போறது? இஞ்ச வேற ஆள் இல்லை. எனக்குத் தெரிஞ்சால் போதும்."

வெட்கப்படவேண்டிய நேரம் அது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அவருடைய கணவரின் கோபத்துக்கு நான் அவ்வளவு பயந்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் எழும்பி வாசல்வரைகூடப் போகவில்லை.

போன மாதம் கணவர் வந்தார். மச்சான் புதிய கருவி அனுப்பியிருக்கிறார். மின்சாரம் போனாலும் மறக்காத வகைதான், நானே பார்த்துச் சொன்னேன். ஏழெட்டுப் பார்களைத் தேடிப் பிடித்து மறுபடி குறித்திருப்பதாகச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் இருந்தது. பிறகு அதை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி என் மேசையில் வைத்தார்.

"தொழிலுக்குப் போகாத நாளில இது உங்களிட்ட இருக்கட்டும் அண்ணை. வீட்டில வைக்கேலாது, அவள் தொட்டுப்போடுவாள். உங்களிட்ட எண்டால் எனக்குப் பயமில்லை."

"ஓம், வைச்சிட்டுப் போம்" என்றேன்.